நோயாளியின் இரவும் வீட்டாரின் கடமையும்

பகலெல்லாம் பாடுபட்ட மனிதனுக்கு இரவு ஓர் இளைப்பாற்றி. குடிசையில் இருப்பவனுக்கும் மாளிகையில் இருப்பவனுக்கும் ஒரே விலைக்கு, அதாவது விலையில்லாமலே, கிடைக்கக்கூடிய நன்மைகளில் நித்திரையும் ஒன்று. ஆயினும் எத்தனையோ வீடுகளில் இந்த நன்மை கிட்டாத ஒருவர் இருக்கிறார். மூட்டுவாதத்தினால் முழங்கால் வீங்கிய தாயார், முதுகுத்தண்டு தேய்ந்த கொத்தனார், சர்க்கரை வியாதியினால் உள்ளங்கால் நெருப்பாய் எரியும் பெரியவர் என்று அவர்களை நாம் அறிவோம். விளக்கணைந்து வீடு அடங்கிய பிறகுதான் இவர்களுடைய பாடு தொடங்குகிறது. கடிகாரம் ஒன்றடிக்கிறது, இரண்டடிக்கிறது. புரண்டு படுத்தால் கட்டில் சத்தமிடும், சத்தமிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார் என்று, புரளவும் அஞ்சிக் கிடக்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் முன் இரவுதோறும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. பார்வைக்குச் சிறியது, ஆனால் மனச்சாட்சியைத் தொடுவது. உறங்குகிறவரை எழுப்பலாமா, எழுப்பக்கூடாதா? எழுப்பினால் பொறுமையில்லாதவன் ஆவேனோ? எழுப்பாவிட்டால் எனக்கு நானே தீங்கு செய்தவன் ஆவேனோ? இதைச் சற்று ஆராய்வோம்.

ஊரில் இதற்கு இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. உத்தமமான நோயாளி வாய் திறக்கமாட்டான் என்பது முதல் விடை. “கடைசிவரையில் ஒரு முனகல் கிடையாது, நோவு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை” என்று சாவு வீட்டில் புகழ்ந்து பேசுகிறோம் அல்லவா? அந்தப் புகழ்ச்சியில் இந்த விடை அடங்கியிருக்கிறது. “பெற்று வளர்த்தது எதற்கு? கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வராதவன் பிள்ளையா?” என்பது இரண்டாவது விடை. முதல் விடை நோயாளியைத் தனியே விட்டுவிடுகிறது. இரண்டாவது விடையோ சில மாதங்களில் வீடு முழுவதையும் நோயில் தள்ளிவிடுகிறது.

சரியான விடையைத் தேடுமுன், இரவு நோவைப்பற்றிச் சில உண்மைகளை அறிந்துகொள்வது நல்லது. நோயாளி இருக்கும் வீடுகளில் எழும் மனத்தாங்கல் பலவும் அறியாமையினால் வருவதே. “பகலில் வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவருக்கு இரவில் மட்டும் எப்படி நோகும்?” என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது சாதாரணமான சந்தேகம். கேட்கப்படுபவருக்கு அது நெஞ்சில் தைக்கும் முள்.

இரவில் நோவு மிகுவதற்குக் காரணங்கள் உண்டு. பகலில் மனிதனுடைய கவனத்தைப் பல காரியங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரவில் நோவு ஒன்றுதான் பேசுகிறது. சரீரமும் தன் பங்குக்கு உதவி செய்வதில்லை. வீக்கத்தைத் தணிக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நடுநிசியையொட்டி மிகவும் தாழ்ந்து, விடியலை நெருங்கித்தான் ஏறுகிறது. ஆகையால் மூட்டுவாதக்காரருக்குப் பின்னிரவிலும் விடியற்காலையிலும் மூட்டுகள் இறுகி வேதனை கூடுகிறது. அன்றியும், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை வைத்தியர்கள் நாட்பட்ட நோவு என்று தனியே பிரித்துச் சொல்கிறார்கள். பல வேளைகளில் அது, கள்வன் ஓடிப்போன பிறகும் விடியுமட்டும் கூவிக்கொண்டிருக்கும் காவல்காரனைப் போன்றது. புண் ஆறியிருக்கும், நரம்பு அடங்கியிராது. வெளியே காயம் தெரியவில்லை என்பதால் நோவு பொய்யாகிவிடாது.

இன்னொரு தீய வட்டமும் உண்டு. தூக்கம் கெட்டவனுக்கு மறுநாள் நோவைத் தாங்கும் சக்தி குறைகிறது. முந்தின நாள் பொறுக்கக்கூடியதாயிருந்த அதே நோவு இன்று பொறுக்க முடியாததாகிறது. நோவு மிகுந்ததால் அன்றிரவும் தூக்கம் கெடுகிறது. எனவே, நோயாளியின் தூக்கத்தைக் காப்பது சொகுசு அன்று. அதுவே வைத்தியத்தில் ஒரு பங்கு.

“அப்படியானால் நோவைத் தணிக்க மருந்து தேடுவது பொறுமைக்கு விரோதம் அல்லவா?” என்று பக்தியுள்ள சிலர் தயங்குகிறார்கள். தயங்கவேண்டியதில்லை. 1957-ம் ஆண்டு பெப்ருவரி 24-ம் தேதி, பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு விரிவாக விடை சொன்னார். வேதனையை ஒப்புக்கொடுக்க மனமுவந்து ஏற்பவர் ஏற்கலாம்; ஆனால் தணிக்கும் மருந்தை விலக்கியே ஆகவேண்டும் என்ற பொதுக் கடமை எவருக்கும் கிடையாது என்பது அவர் போதித்ததின் சாரம். ஆகவே மருந்து தேடுவது பாவமுமன்று, விசுவாசக் குறைவுமன்று. நியாயமான பரிகாரத்தையெல்லாம் செய்த பிறகு எஞ்சி நிற்கும் வேதனையை ஒருவர் ஆண்டவருக்குக் காணிக்கையாக்கினால், அது அவருடைய சொந்தக் காணிக்கை. நோகாத ஒருவர் கட்டிலருகே நின்று, “ஒப்புக்கொடுங்கள், ஒப்புக்கொடுங்கள்” என்று உபதேசிப்பது வேறு காரியம். பிறர் பணத்தை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டுப் புண்ணியம் தேடுவதற்கு அது சமானம்.

மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி மாதக்கணக்காய் விழுங்கும் நோவு மாத்திரை, வயிற்றைப் புண்ணாக்கவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும். அடுத்த வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்குவது அதைவிட ஆபத்து. வைத்தியரிடம் தூக்கம் கெடுகிறது என்பதைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். அதே மருந்தை எந்த வேளையில் சாப்பிடுவது என்பதை மாற்றுவதாலேயே குறைகிற நோவுகளும் உண்டு.

இனி, எவரையும் எழுப்பாமல் நோயாளி தாமே செய்துகொள்ளக்கூடியது என்ன என்று பார்ப்போம்.

பிரெஞ்சு தேசத்து ஞானியும் கணித மேதையுமான பிளேய்ஸ் பஸ்கால், பதினெட்டாம் வயதுக்குப் பிறகு நோவில்லாமல் ஒரு நாளும் கழித்ததில்லை என்று சொன்னதாக அவருடைய தமக்கையார் எழுதியிருக்கிறார். 1658-ம் ஆண்டில் பல்நோவினால் தூக்கமின்றித் தவித்த ஓர் இரவில், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி எப்படிப்பட்ட வளைகோட்டை வரையும் என்ற கணக்கில் அவர் மனதைச் செலுத்தினார். கணக்கும் விளங்கியது, நோவும் மறந்தது என்று அவருடைய குடும்பத்தார் குறித்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட்டும் முதுமையில் நோவினால் உறக்கம் இழந்தவர். 1798-ல் வெளிவந்த ஒரு நூலில் தம்முடைய உபாயத்தை அவர் சொல்கிறார். சம்பந்தமில்லாத ஏதேனும் ஒன்றை, உதாரணமாக சிசெரோ என்னும் உரோமைப் பேச்சாளரின் பெயரை, எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே எண்ணத்தைக் கட்டிவைப்பாராம். தூக்கம் வந்துவிடுமாம். நோவு வெறும் கற்பனையோ என்றால், மறுநாள் காலையில் இடதுகால் விரல்கள் சிவந்திருந்ததைக் கண்டு அது மெய்யானதே என்று அறிந்தாராம்.

இவை கதை போலத் தோன்றினாலும் இவற்றுக்கு ஆதாரம் உண்டு. 1965-ம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு விஞ்ஞானிகள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். நோவின் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளையும் அந்தக் கதவைத் திறக்கவோ ஒடுக்கவோ கூடும் என்பதே அது. அந்தக் கருத்தில் பின்னால் பல திருத்தங்கள் வந்தாலும், பயமும் கவனமும் நோவைக் கூட்டும், வேறொன்றில் ஈடுபாடு அதைக் குறைக்கும் என்ற உண்மை நிலைபெற்றுவிட்டது. சக்கரக் கணக்கு எல்லாருக்கும் வராது. ஆனால் விரலிடையே மெல்ல நகரும் ஜெபமாலை மணியும், சிறுவயதில் நடந்த ஊர்த் தெருவை வீடு வீடாய் நினைத்துப் பார்ப்பதும், ஒரு நூறு முதல் பின்னோக்கி எண்ணுவதும் எவருக்கும் வரும்.

ரிச்சர்டு பூட்சின் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1972-ல் சொன்ன முறையும் எளிதானது. சுமார் இருபது நிமிஷம் ஆகியும் உறக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே போராடவேண்டாம். கூடுமானால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியான ஏதேனும் வேலை செய்து, கண் சொக்கும்போது திரும்பிவந்து படுக்கவேண்டும். எப்படி உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழவேண்டும். படுக்கை என்றாலே போராட்டம் என்று மனது பழகிவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. தனியே எழுந்தால் விழுந்துவிடக்கூடியவர் இதைச் செய்யலாகாது. தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். கடிகாரத்தைப் பார்வைக்கு மறைவாய் வைப்பதும், கைப்பேசியைக் கைக்கெட்டாமல் வைப்பதும் நல்லது.

ஆனால் இந்த உபாயங்களுக்கு ஓர் எல்லை உண்டு. பஸ்காலின் பல்நோவு அந்த இரவோடு தீர்ந்தது. நாட்பட்ட நோவு நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும். ஓர் இரவைத் தனியே வெல்பவர் முந்நூறு இரவுகளைத் தனியே வெல்ல முடியாது. இங்கேதான் நாம் தொடங்கிய கேள்வி மறுபடியும் எழும்புகிறது.

பொறுமை என்பது எது? வேதனையை மறைப்பது பொறுமை என்று பலர் எண்ணுகிறார்கள். மறைத்தவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இரவெல்லாம் விழித்திருந்த தாயார் காலையில், “நன்றாய்த் தூங்கினேன்” என்கிறார். மகனும் நம்பிவிடுகிறான். மாதம் ஒருமுறை வைத்தியரிடம் போகும்போது, “தூக்கம் எப்படி?” என்று அவர் கேட்டால், தாயாருக்குப் பதிலாக மகனே, “நல்ல தூக்கம், டாக்டர்” என்று சொல்லிவிடுகிறான். மருந்து மாறுவதில்லை. நோவும் மாறுவதில்லை. அடக்கிவைத்த வேதனையோ வேறு வழியாய் வெளிவருகிறது. காப்பியில் சர்க்கரை குறைவு என்று மருமகள் மேல் பாய்கிறது. பேரப்பிள்ளை ஓடினால் எரிந்து விழுகிறது. நோவை மறைத்தவர் கோபத்தை மறைக்க முடியவில்லை. வீட்டாரோ காரணம் தெரியாமல், “வயதாகிவிட்டது, குணம் மாறிவிட்டது” என்கிறார்கள். இந்தக் குணக்கேட்டுக்கு வித்திட்டது, பொறுமை என்ற பெயரில் சொன்ன அந்தச் சிறு பொய்தான்.

வேதாகமத்தில் யோபு என்னும் நீதிமானைப் பொறுமைக்கு மாதிரியாக வைத்திருக்கிறோம். அவர் வாய் மூடிக் கிடந்தாரா? விடியாத இரவுகளைப்பற்றியும், படுக்கையில் புரண்டு புரண்டு களைப்பதைப்பற்றியும் அவர் முறையிட்டது அங்கே எழுதியிருக்கிறது. அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அது. பிறகு வாய் திறந்து, “உன் பாவத்தினால்தான் உனக்கு இது வந்தது” என்று வாதித்தபோதுதான் கெடுத்துக்கொண்டார்கள். முடிவில் ஆண்டவர் கண்டித்தது நண்பர்களையே. முறையிட்ட யோபுவை அன்று.

அதைவிடப் பெரிய மாதிரி பூங்காவனத்திலே இருக்கிறது. பாடுபடுவதற்கு முந்தின இரவில் நமதாண்டவர் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் என்னும் மூவரையும் கூட அழைத்துப்போய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் உறங்கினார்கள், அவர் எழுந்துவந்து பார்த்தார். ஒருமுறையல்ல, மூன்றுமுறை வந்தார். துணை கேட்பது பலவீனம் என்றால், பொறுமைக்கெல்லாம் ஊற்றானவர் துணை கேட்டிருப்பாரா? அதே சமயத்தில், உறங்கினவர்களின் மாம்சம் பலவீனமானது என்பதையும் அவர் அறிந்து பேசினார். இரண்டு உண்மைகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன: துன்பப்படுகிறவர் துணை கேட்கலாம், களைத்தவருடைய களைப்பும் மெய்யானது.

ஆகவே, நோவை ஒளிக்காமல், நோவினால் பிறரை வருத்தாமல், இரண்டுக்கும் நடுவே உண்மையாய் நடந்துகொள்வதே பொறுமை. இது நடுநிசியில் தீர்மானிக்கக்கூடிய காரியம் அன்று. இரவு இரண்டு மணிக்கு நோவுள்ளவருக்கு நியாயம் தெரியாது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும் நியாயம் தெரியாது. இரவின் வழக்கைப் பகலில் பேசித் தீர்க்கவேண்டும். வீட்டார் எல்லாரும் கூடியிருக்கும் ஒரு வேளையில் நான்கு காரியங்களைப் பேசிக்கொண்டால் போதும்.

முதலாவது, கட்டிலருகே என்னென்ன இருக்கவேண்டும் என்பது. தண்ணீர், வைத்தியர் சொன்ன அளவுக்கு அந்த இரவுக்குரிய மருந்து, கைத்தடி, சின்ன விளக்கு, வெந்நீர்ப் பை, முழங்காலுக்கு அண்டை கொடுக்க ஒரு தலையணை. கைக்கெட்டும் தூரத்தில் இவை இருந்தால் பாதி இரவுகளில் எவரையும் எழுப்ப நேராது.

இரண்டாவது, எதற்குக் கட்டாயம் எழுப்பவேண்டும் என்பது. மார்பு வலி, மூச்சுத் திணறல், காலில் திடீரென்று பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல், காய்ச்சல், கீழே விழுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் எழுப்பாமலிருப்பது பொறுமையாகாது, அசட்டுத் துணிச்சலாகும். கூப்பிடக் குரல் எழாதவருக்கு ஒரு சிறு மணியைக் கொடுத்துவையுங்கள்.

மூன்றாவது, எந்த இரவு யாருடைய முறை என்பது. நம் வீடுகளில் இந்தப் பாரம் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. மருமகளோ, கலியாணமாகாத மகளோ, வயதான மனைவியோ, இரவில் மூன்றுமுறை எழுந்து, விடியுமுன் அடுப்பு மூட்டவும் எழுகிறாள். ஆண்பிள்ளைகள், “எனக்குக் காலையில் வேலை இருக்கிறது” என்கிறார்கள். அவளுக்கு வேலை இல்லையா? நோயாளியின் தூக்கத்தைப்போல அவளுடைய தூக்கமும் காக்கப்படவேண்டியது. வாரத்தில் இரண்டு இரவாவது மகன் அந்த அறையில் படுத்தால், நோவு என்றால் என்ன என்பதும் அவனுக்கு விளங்கும், மனைவியின் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதும் விளங்கும்.

நான்காவது, எப்போது வெளி உதவியை நாடுவது என்பது. தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” என்னும் திட்டத்தில், படுக்கையோடு இருப்பவருக்கு வீட்டிலேயே நோவு தணிக்கும் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் அளிக்க ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இன்னும் ஒரு காரியம் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லக் கூச்சமானது, ஆயினும் சொல்லாமல் விடலாகாது. குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள் 1897-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி, தமது 24-ம் வயதில், காசநோயினால் மரித்தவர். அவருக்கு மார்பீன் கொடுக்கப்படவில்லை. அந்தக் கடைசி நோயின்போது, கொடிய வேதனைப்படும் நோயாளிகளின் அருகில் விஷமான மருந்துகளை வைத்துவிட்டுப் போகவேண்டாம் என்றும், தாங்கமுடியாத வேதனையில் புத்தி தடுமாற ஒரு நொடி போதும் என்றும் தம் சகோதரியை எச்சரித்தார். பீடத்தில் வைத்து நாம் வணங்கும் அர்ச்சியசிஷ்டவள் தம் அனுபவத்திலிருந்து சொன்ன வார்த்தை இது. அப்படியிருக்க, நம் வீட்டில் ஒருவருக்கு, “இனி இருந்து என்ன பயன்?” என்ற எண்ணம் பின்னிரவில் வந்தால் அதைக் கண்டு நாம் அதிர்ச்சியடையவோ வெறுக்கவோ என்ன இருக்கிறது? அது தூக்கமிழந்த மூளையும் நோவும் சேர்ந்து எழுப்பும் குரல். அந்த எண்ணம் வந்தவர் அந்த நிமிஷமே பக்கத்திலிருப்பவரை எழுப்பவேண்டும். அப்போது எழுப்புவது உரிமை மாத்திரம் அன்று, கடமை. எழுப்பப்பட்டவர் பிரசங்கம் செய்யவேண்டாம். விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த வேளையில் பேச வீட்டில் ஆளில்லாதவருக்கு 14416 என்ற அரசாங்க மனநலத் தொலைபேசி எண் இரவும் பகலும் திறந்திருக்கிறது. 2022 முதல் நடந்துவருகிறது. மாத்திரைகளை மொத்தமாய் நோயாளியின் கட்டிலருகே வைக்காமல், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வைப்பது வீட்டாரின் பொறுப்பு. அதைச் சந்தேகத்தினால் செய்கிறோம் என்று காட்டாமல், அன்பினால் செய்யலாம்.

நோயுற்றவர்களே, நீங்கள் வீட்டுக்குப் பாரம் என்று எண்ணிப் பொய் சொல்லாதீர்கள். காலையில், “நேற்று இரவு மிகவும் கஷ்டமாயிருந்தது” என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதற்கு மேல் நீட்டவேண்டாம், அதற்குக் குறைக்கவும் வேண்டாம். சுகமாயிருப்பவர்களே, காலையில் எழுந்ததும் கைப்பேசியைப் பார்க்குமுன் அந்தக் கட்டிலருகே போய், “நேற்று எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தீர்கள்?” என்று கேளுங்கள். “தூங்கினீர்களா?” என்று கேட்டால், “ஆம்” என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். எத்தனை மணிக்கு என்று கேட்டால், நீங்கள் உண்மையாகவே அறிய விரும்புகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் பதிலைக் காலண்டரின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அதைக் கிழிக்காமல் கொண்டுபோங்கள்.